பதினான்காவது மாடிக்குப் போகாதவள்

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் பனி. ஸ்வெட்டர் எடுத்தாயிற்று. இடது முழங்கையில் பூச்சி அரித்த ஓட்டை. தைக்க வேண்டும்.

பி.பி. மாத்திரை. காஸ் சிலிண்டர். வேலைக்கு வரும் மங்கலிடம் ஜன்னல் கம்பிகளை மறுபடி துடைக்கச் சொல்ல வேண்டும் (துடைத்தேன் என்கிறாள், துடைக்கவில்லை).

வித்யா போன் செய்தாள். ஜெர்மனி உறுதி. மாப்பிள்ளை மகரந்துக்கு அங்கே ஐந்து வருட வேலை. 23ஆம் தேதி டிக்கெட். சாமான்கள் 20ஆம் தேதி கப்பலுக்கு. மகர்பட்டா வீட்டை வாடகைக்கு விடுகிறார்களாம்.

"போறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் உங்ககூட வந்து இருந்துக்கறேம்மா. நீங்கதான் இங்க வர மாட்டீங்களே."

குரலில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

என் மகளின் வீட்டை நான் பார்த்ததில்லை. எட்டு வருடம். நடந்தால் கால் மணி நேரம். பதினான்காவது மாடி. மராட்டிப் பையனைக் கட்டிக்கொண்டதால் அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கோபம் இருந்தது. ஆறு மாதம். முதல் தீபாவளிக்கு வந்த மகரந்த், கேட்காமலே என் சமையலறைக் குழாயைப் பிரித்துச் சரிசெய்தானே, அன்றோடு போயிற்று. மிச்ச வருடங்கள் முழுக்க லிஃப்ட்.

எழுதிவிட்டேன். லிஃப்ட். நாற்பத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக ஒரு காகிதத்தில்.

நவ. 6, வியாழன்

ரவை, கொத்தமல்லி வாங்கினேன். எலுமிச்சை சரியில்லை, திருப்பிக் கொடுத்தேன்.

பி.பி. பார்க்கும் டாக்டருக்கு எதிர்க் கட்டடத்தில் ஒரு பலகை. பயங்கள், பதற்றம், ஹிப்னோதெரபி. மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டே கடந்து போகிறேன். இன்று நுழைந்தேன். தரைத்தளம். முதல் மாடியில் இருந்திருந்தால்கூடப் படியேறிப் போயிருப்பேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கேதகி. முப்பத்தைந்து வயது இருக்கும். உளவியல் படித்தவள், சான்றிதழ்களை நேராக மாட்டியிருக்கிறாள். என்னைக் காகூ என்கிறாள். இங்கே சித்தி, அத்தை எல்லாருக்கும் அதுதான். பேச்சு ஆங்கிலத்தில், அவசரமானால் ஹிந்தி.

கடிகாரத்தை ஆட்டுவதெல்லாம் கிடையாதாம். தூங்கவும் மாட்டேனாம். எல்லாம் காதில் விழும், வேண்டாம் என்றால் எழுந்து போகலாம்.

ஒரு தாளில் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதச் சொன்னாள். நான்கு என்று எழுதினேன்.

"காகூ, நாலுக்கு யாரும் இங்கே வர மாட்டாங்க."

அடித்துவிட்டு ஒன்பது போட்டேன்.

சாய்வு நாற்காலி. கண்ணை மூடச் சொல்லி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போனாள். 'லே டவுன்' என்றாள். 'லை டவுன்' என்றேன். காலம் காலமாக என்பதற்கு என்னவோ சொன்னாள், அதையும் திருத்தினேன். முப்பது வருடம் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த காது. கன்னியாஸ்திரீகள் வளர்த்த காது. மூடு என்றால் மூடிக்கொள்ளுமா?

அரை மணி கழித்து அவளே சிரித்துவிட்டாள். "நான் உங்களை மயக்கறேனா, நீங்க எனக்குப் பரீட்சை வைக்கறீங்களா?"

இன்று ஒன்றும் நடக்கவில்லை. 20ஆம் தேதி சாமான் போகிறது. அதற்குள் ஒரே ஒரு முறை அந்த வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன். "பார்க்கலாம்" என்றாள். சத்தியம் பண்ணவில்லை. அதனால் கொஞ்சம் நம்பிக்கை.

நவ. 8, சனி

வி. வந்தாள். பாத்திரங்கள், ஒரு குக்கர், இரண்டு குடை கொண்டுவந்து வைத்தாள். காப்பி குடித்தாள். முதல் மாடியிலிருந்து படியில் இறங்கும்போது என்னைப் பார்த்து,

"முழங்கால் எப்படிம்மா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

நல்லாயிருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்பதை நிறுத்தி எத்தனையோ வருடம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "குடையை மடிச்சு வை, கம்பி வளையும்" என்று சொன்னேன்.

நவ. 11, செவ்வாய்

மங்கல் லீவு. நானே பெருக்கினேன்.

கே.யிடம் ஒரு யோசனை சொன்னேன்: எண்களை மட்டுமாவது தமிழில் எண்ணு. தமிழில் நான் யாரையும் திருத்தியதில்லை. தாளில் தேவநாகரியில் எழுதிக்கொடுத்தேன், பத்திலிருந்து ஒன்று வரை. அந்தப் பெண் அதை வைத்துக்கொண்டு, "பத்து... ஒம்பது... எத்து..."

எட்டைத் திருத்தவில்லை. ஏழில் கைகள் கனத்தன. நான்கில் அவள் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது மாதிரி.

நிலையான இடம் ஒன்று, பயமில்லாத இடம், அங்கே முதலில் நில்லுங்கள் என்றாள். என் பால்கனி வந்தது. பிறகு, முதல் லிஃப்ட் எது?

மறந்த விஷயம் இல்லை. திரும்பிப் பார்க்காத விஷயம்.

பம்பாய். கல்யாணமாகி மூன்று மாதம். எனக்கு இருபத்தாறு. அவருடைய மேலதிகாரி வீட்டில் விருந்து, ஒன்பதாவது மாடி. கீழேயே எதிரே வந்து அழைத்துப் போனார்கள், அதிகாரியும் மனைவியும். லிஃப்ட்டில் நான்கு பேர். அரக்குப் பட்டுப்புடவை, இரண்டாவது முறைதான் கட்டுகிறேன். நடுவில் நின்றது. இருட்டு. யாரோ கத்தினார்கள். நான்தான். கதவை நகத்தால் பிறாண்டினேன். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் குரல் உயர்த்தி ஒரு நாளும் பேசாதவள். பிறகு காலில் சூடாக.

புடவை நனைந்தது. நான் நனைத்தேன்.

அவர் கையில் பிளாஸ்க். வெளியில் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று நான்தான் தூக்கி வரச் சொன்னது. அந்த இருட்டில் மூடி திருகும் சத்தம். ஒரு பிளாஸ்க் தண்ணீரையும் என் மேலும் தன் மேலும் தரையிலும் கொட்டினார். விளக்கு வந்தபோது, "ஸாரி சார், கை தவறிடுச்சு" என்றார். அதிகாரியின் மனைவி, பாவம் புதுப்புடவை என்றாள். அதிகாரி, மதராஸிகள் குடிதண்ணீரைக்கூட நம்பமாட்டார்கள் என்று சிரித்தார். அவரும் சேர்ந்து சிரித்தார்.

மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. காப்பாற்றியதற்காக இல்லை. பார்த்துவிட்டதற்காக.

கண் திறந்தபோது கே. தண்ணீர் கொடுத்தாள். இப்படி வருவதை அப்படியே நடந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, மனசு கலந்து வைக்கும் என்றாள். இதில் கலப்பில்லை என்றேன்.

"லிஃப்ட் அறுந்து விழும்னு உங்களுக்குப் பயமே இல்லை, காகூ. நீங்க கத்தறதை யாராவது கேட்டுடுவாங்கன்னு பயம்."

வீட்டுக்கு வந்து அரிசி டப்பாவில் தேடினேன். அரிசி அளக்க வைத்திருக்கும் நீல மூடி. அந்த பிளாஸ்க்குடையது. உடம்பு உடைந்து தூக்கிப்போட்டாயிற்று. மூடி மட்டும் எல்லா வீட்டுக்கும் கூடவே வந்திருக்கிறது.

நாற்பத்தாறு வருடம் குடித்தனம். தரைத்தளம் அல்லது முதல் மாடி. "அவளுக்குச் செடி வைக்கணும்" என்று வீட்டுக்காரர்களிடம் சொல்வார். ஒரு நாளும் அந்த இரவைச் சொல்லிக் காட்டியதில்லை. நானும் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது.

நவ. 13, வியாழன்

கே. எழுதிக்கொடுத்த ஏணி:
1. லிஃப்ட் முன் நிற்க
2. கதவு திறந்திருக்க உள்ளே நிற்க
3. ஒரு மாடி, கே. கூட
4. ஐந்து மாடி, கே. கூட
5. தனியாக

பயம் ஏறினால் மூடியைத் திருகுகிற மாதிரி விரல்களை அசைக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து பலமுறை பழகியது. அவள் குரலை போனில் பதிந்து கொடுத்திருக்கிறாள். "எத்து" உள்பட.

அவள் கட்டடத்து லிஃப்ட்டிலேயே பழக்கம். 1, 2 முடிந்தது. ஏறி நிற்கிறேன், இறங்குகிறேன், ஏறுகிறேன். கல்லூரிப் பெண்கள் இருவர் மராட்டியில்: "பாவம் பாட்டி, எதையோ வீட்டிலே மறந்துட்டு வந்துட்டாங்க."

மராட்டி எனக்கு நன்றாகப் புரியும் என்று மராட்டியிலேயே சொன்னேன். ஓடிவிட்டார்கள்.

நவ. 15, சனி

தலைவலி. ரசம் மட்டும்.

3 முடிந்தது. நாலில் மூன்றாவது மாடியில் இறங்கிவிட்டேன். படியில் உட்கார்ந்தேன். கே. பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அழவில்லை.

ஏன் மகளிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னேன். கிரகப்பிரவேசத்தன்று காலை அவர் வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். "நான் என்னன்னு சொல்லட்டும்?" என்றார். நான் வாக்கியத்தையே சொல்லிக்கொடுத்தேன்: "அவளுக்கு இன்னும் மனசு ஆறலைன்னு சொல்லுங்க."

"அப்படியா சொல்லணும்?"

"அப்படித்தான் சொல்லணும்."

பயந்தாங்கொள்ளி என்று மகள் நினைப்பதைவிடக் கோபக்காரி என்று நினைக்கட்டும். எனக்கு அதில் ஒரு கௌரவம்கூட இருந்தது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அவர் மட்டும் போவார். நான் கட்டிக்கொடுத்த டிபன், கழுத்தில் பைனாகுலர். பறவை பார்க்கப் போகிறேன் என்பார். மகர்பட்டா மாடியில் என்ன பறவை, புறாதானே என்பேன்.

நவ. 18, செவ்வாய்

ஸ்வெட்டர் தைத்தேன். நூல் நிறம் ஒரு படி வெளுப்பு, பரவாயில்லை.

4 முடிந்தது. பத்துக்கு ஐந்து. நான்காவது மாடி தாண்டும்போது சத்தமாக முனகினேன். கூட ஒரு கூரியர்க்காரர் இருந்தார். திரும்பிப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். அவ்வளவுதான். உலகம் அவ்வளவுதான் செய்தது.

நாற்பத்தெட்டு வருடம் இதற்காகவா?

நவ. 20, வியாழன்

சாமான் இன்று போயிற்று. வி. போனில் மூச்சு வாங்கினாள். "வீடு காலிம்மா. பேசினா எதிரொலிக்குது." நாளை மதியம் சாவியை ஏஜெண்ட்டிடம் கொடுக்கிறார்களாம்.

5 இன்னும் செய்யவில்லை. கே. அவசரப்பட வேண்டாம், மகளையே கீழே வந்து கூட்டிப்போகச் சொல்லுங்கள் என்றாள். நல்ல யோசனை. கேட்க மாட்டேன்.

நவ. 21, வெள்ளி

வெயில், காற்று. மஞ்சள் துண்டைக் கொடியில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். கைப்பையில் நீல மூடி.

பத்தே கால். கீழே பதிவுப் புத்தகத்தில் பெயர் எழுதச் சொன்னார்கள். லிஃப்ட்டில் தனியாக. 14ஐ நானே அழுத்தினேன். ஐந்து வரை எண்ணினேன். ஆறில் விரல்கள் மூடியைத் திருகின. ஒன்பதில் கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். நிற்கவில்லை. 14.

வி. கதவைத் திறந்தாள். கையில் துடைப்பம். என்னைப் பார்த்தாள், என் பின்னால் பார்த்தாள்.

"யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை. உள்ள வரலாமா?"

உட்கார ஒன்றுமில்லை. பால்கனியில் மட்டும் ஒரு பிரம்பு நாற்காலி. கப்பலில் ஏற்ற வேண்டாம் என்று விட்டதாம். உட்கார்ந்தேன். நின்றுகொண்டே இருந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். சொன்னேன். பம்பாய், புடவை, பிளாஸ்க், ஆறு மாதக் கோபம், மிச்சமெல்லாம் லிஃப்ட். மூடியைக் கையில் கொடுத்தேன்.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, இந்த வீடு புக் பண்ணும்போது ரெண்டாவது மாடியிலயும் ஒண்ணு இருந்துச்சு. இதே மாதிரி, அச்சு அசலா. அப்பா அதை எடு, அதை எடுன்னு உயிரை வாங்குனாங்க. ஏன்னு கேட்டா வாயே தொறக்கலை. காத்து வராது, வெளிச்சம் வராதுன்னு நான் சண்டை போட்டேன். அன்னிக்கு முதல் தடவையா அப்பாகிட்ட கத்துனேன். காரணம் சொல்லுங்க இல்லைன்னா பேசாம இருங்கன்னு."

"என்ன சொன்னாரு?"

"தலையை ஆட்டிட்டுப் போயிட்டாங்க."

பிறகு, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நடந்தே வந்திருப்பியேம்மா. ரெண்டு மாடிதானே." நீ என்றாள். நான் கவனித்தேன், திருத்தவில்லை.

நாற்காலி பார்த்திருந்த திசையைக் காட்டினாள். மரங்களுக்கு நடுவே எங்கள் கட்டடத்துப் பழைய தண்ணீர்த் தொட்டி. அதற்குக் கீழே ஒரு மஞ்சள் புள்ளி.

"அப்பா பைனாகுலரை வெச்சுக்கிட்டு அங்கதான் பாத்துட்டு இருப்பாங்க. 'உங்கம்மா துணி எடுக்கறா. இப்ப மங்கலைத் திட்டறா. இப்ப உள்ள போயிட்டா.' வேற பறவை எதையும் பாத்ததா எனக்கு ஞாபகம் இல்லை."

புறாதானே என்று எத்தனை ஞாயிறு சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மகரந்த் வந்தான். என்னைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றுவதை மறந்து நின்றான். டீ போட அடுப்பில்லை, கீழே போய் வாங்கி வந்தான், காகிதக் கோப்பையில். சுமாரான டீ. முழுவதும் குடித்தேன்.

ஒன்றரைக்கு ஏஜெண்ட். கிளம்பினேன். வி., "நானும் கீழ வரட்டுமா?"

"வேண்டாம்" என்றேன், வழக்கம்போல. லிஃப்ட் வரை நடந்தேன். திரும்பி வந்து மணியை அடித்தேன்.

"வா. பயமா இருக்கு."

கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கண்ணை மூடவில்லை. பத்து, ஒன்பது, எட்டு. இரண்டாவது மாடியில் லிஃப்ட் நின்று கதவு திறந்தது. யாரும் இல்லை. எதிரே ஒரு வீட்டு வாசலில் துளசித் தொட்டி, இரண்டு ஜோடிச் செருப்பு. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். கதவு மூட வெகுநேரம் ஆயிற்று.