அறுபத்தொன்றாம் கல்

நேற்று அடுக்களை வாசலில் தண்ணீர் தேங்குகிறதென்று படிக்கல்லைப் புரட்டினேன். அடியில் தாரால் 61 என்று எழுதியிருந்தது. ஒன்றுக்குத் தலையில் தொப்பி, காலில் செருப்பு. எண்ணுக்கு இப்படி உடுப்பு மாட்டுகிறவர் இந்த ஊரில் நீர் ஒருத்தர்தான். மூன்று மாதமாகக் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்கிறவர், என் வீட்டுப் படிக்கு அடியில் எப்போது வந்து போனீர் வே?

வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்த்தேன். மும்முரமாக மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சட்டியில் மீன் இல்லை.

சந்தேகம் எனக்குப் பசி மாதிரி, நேரம் தவறாமல் வந்துவிடும் என்று நீரே சொல்லியிருக்கிறீர். ஆனால் தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து இடவப்பாதி மழையில் வந்த சந்தேகத்துக்கு நியாயம் இருந்தது. அந்த மழையில்தான் அயினி மரம் வழியம்பலத்தின் மேல் சாய்ந்தது. ராஜா காலத்தில் சுமை தூக்கி வந்தவர்கள் இளைப்பாறக் கட்டிய வெட்டுக்கல் மண்டபம். நம் காலத்தில் பாறசாலை பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மழைக்கு ஒதுங்கும் இடம். அதன் மேற்கு மூலையில் என் சாயாக்கடை. பின்பக்கம் முழுக்க உம்முடைய ரப்பர் விளையும், ஷீட்டைப் புகை போட்டு உணக்குகிற புகைப்புரையும். மரம் விழுந்ததில் கூரை போயிற்று, சுவர்கள் சரிந்து கல்லெல்லாம் ரோட்டில் கிடந்தது.

ஓவர்சியர் வந்து நின்ற நிலையில் சட்டம் சொன்னார். பழைய கல்லில் பாதிக்கு மேல் அந்த இடத்திலேயே இருந்தால், பழைய அஸ்திவாரத்தில் பழையபடி கட்டிக்கொள்ளலாம். பாதிக்குக் குறைந்தால் அது புதுக்கட்டடம். ரோட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளித்தான் கட்ட வேண்டும். ஒரு மாதம் கழித்து வந்து எண்ணுவேன் என்று போய்விட்டார்.

மூன்று மீட்டர் தள்ளினால் அம்பலம் உம்முடைய விளைக்குள் போய்விடும். அதாவது, அம்பலமே கிடையாது. அம்பலம் இல்லையென்றால் என் கடை இல்லை. உம்முடைய விளைக்கு மட்டும் நேரே ரோட்டு முகப்பு கிடைக்கும். நான் நாலாம் கிளாஸோடு நின்றவன்தான். இந்தக் கூட்டல் எனக்குத் தெரியாதா?

பத்தே நாளில் கல் பாதிக்கும் வெகு கீழே போய்விட்டது. நீரோ சைக்கிள் கேரியரில் சாக்கு மூட்டையும், மூட்டைக்கு மேல் ஒரு சிரிப்புமாகப் போய் வந்தீர். என்னவே மூட்டையில் என்று கேட்டால் ஆரியங்கோட்டிலிருந்து மரச்சீனிக் கிழங்கு என்பீர். மரச்சீனிக்கு நாலு மூலை இருக்குமா? எந்நேரமும் திறந்து கிடக்கும் புகைப்புரைக்குப் பூட்டு வேறு. ஒருநாள் நீர் சபைக்குப் போன நேரம் பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன். ஷீட்டுக்குக் கீழே அம்பலத்துக் கல், அடுக்கடுக்காக.

மறுநாள் காலையிலேயே நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறினேன். மலையாளத்தில் மனு எழுதித் தருகிறவர் பக்கத்தில் குத்த வைத்து, உம்மைக் கல் கள்ளன் என்று எழுதச் சொன்னேன். அவர் இரண்டு இடத்தில் எழுதினார். இரண்டு காணாது என்று நான்தான் மூன்றாவது இடத்திலும் போடச் சொன்னேன்.

எண்ணுகிற அன்று ஊரே கூடி நின்றது. நீர் புகைப்புரையைத் திறந்து, ஒவ்வொரு கல்லாக எடுத்து வந்து அஸ்திவாரத்தின் மேல் வைத்தீர். ஒவ்வொன்றிலும் தாரில் எண். பாதியைத் தாண்டி நாலு கல் அதிகம் என்று ஓவர்சியர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, உங்கள் பேரில் ஒரு மனு இருக்கிறது என்று அதை உரக்க வாசித்தார். மூன்று கள்ளனையும் விடாமல் வாசித்தார். நீர் என்னைப் பார்த்தீர்.

“எழுதினவன் நல்லா எழுதியிருக்கான் சாரே. எலே மக்கா, சாருக்கு ஒரு சாயா போடு. எனக்கு மதுரம் கூட்டி.”

கல் உமக்கு எங்கிருந்து கிடைத்தது என்று ஊர் மெல்ல மெல்லத்தான் சொன்னது. வழிப்போக்கன் உட்கார்ந்த கல் வாசலில் கிடந்தால் அந்த வீட்டில் சோற்றுக்கு முட்டு வராது என்று இங்கே ஒரு நம்பிக்கை உண்டு. மரம் விழுந்ததும், ஒரு கல்தானே என்று, கோயிலுக்குப் போகிறவனும் சபைக்குப் போகிறவனும் ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிவிட்டார்கள். யார் பேரையும் வெளியே விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, நீர் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கியிருக்கிறீர்.

அப்போதும் நான் முழுக்க நம்பவில்லை. ரோட்டு முகப்பை எவனாவது வேண்டாம் என்பானா? அதோடு நான் எண்களைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தேன். அறுபதுக்கு அப்புறம் அறுபத்திரண்டுதான் வந்தது. ஆறு வருஷம் அதைச் சொல்லித்தான் உம்மைச் சீண்டினேன். “அறுபத்தொண்ணு எங்க வே, உம்ம வீட்டு வாசல்லயா?” என்று கடையில் நாலு பேர் இருக்கும்போது பார்த்துக் கேட்பேன். நீர் சாயாவை ஊதிக்கொண்டே, “அது பத்திரமா ஒரு எடத்தில உண்டு. உனக்கு வேணுமா?” என்பீர். கள்ளனே ஒத்துக்கொண்டான் என்று நான் நாலு பேருக்கும் கண்ணைக் காட்டுவேன்.

நானும் ஒரு கல் எடுத்தவன் என்பது எனக்கு நினைவே இல்லை வே. மற்றவர்கள் எடுத்தது களவு, நான் எடுத்தது ஐதீகம் என்று மனசு எங்கேயோ மடித்து வைத்துவிட்டது.

வெறும் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் சொன்னாள். நான் மனுக் கொடுக்கப் போன அதே நாள் நீர் வந்தீராம். படிக்கல்லைப் பெயர்த்து, வழக்கம்போல் எண் போட்டுவிட்டு, “இது யாரு கொண்டாந்தது மைனி?” என்று கேட்டீராம். அவர்தான் என்றதும் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டுத் திரும்பப் படியிலேயே பதித்தீராம்.

“இதை எடுத்தா நாளைக்கு அவன் என் முகத்தைப் பாக்க மாட்டான். சாயாவும் கிட்டாது. இங்கயே கிடக்கட்டு மைனி. நான் உள்ள காலம் வரை அவன்கிட்ட சொல்லண்டாம்.”

நான் எங்கே போயிருக்கிறேன் என்று நீர் கேட்கவில்லையா என்றேன். கேட்டீராம், சந்தைக்கு என்று அவள் சொன்னாளாம். அவள் முகத்தைப் பார்த்தால் நம்பும்படி இல்லை. மனு விஷயம் தெரிந்துதான் அந்தக் கல்லைத் திரும்பப் பதித்தீரோ என்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. அம்பலம் கட்டி முடிந்தபோது என் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கல் அளவுக்குப் பொந்து இருந்தது. உம்முடைய கொத்தனுக்கு எண்ணத் தெரியாதா என்று கேலி பேசினேன். “கிடக்கட்டு மக்கா, தீப்பெட்டி நனையாம இருக்குமாக்கும்” என்றீர். அன்று முதல் அதில்தான் தீப்பெட்டி.

இன்று காலை அந்தக் கல்லைத் தோளில் தூக்கிப் போனேன். வழியில் கண்டவர்கள் எல்லாம் என்ன கல் என்று கேட்டார்கள். மரச்சீனி என்றேன். பொந்தில் வைத்துத் தள்ளினேன். அளவெடுத்து வைத்ததுபோல் உட்கார்ந்துகொண்டது. எண்ணை வெளிப்பக்கம் பார்க்க வைத்திருக்கிறேன். கேட்கிறவன் கேட்கட்டும்.

இப்போது தீப்பெட்டிக்கு இடமில்லை. மடியில் கட்டிக்கொண்டு திரிகிறேன். அடுப்புப் பற்றவைக்கக் குனியும்போதெல்லாம் கை முதலில் சுவருக்குத்தான் போகிறது. உம்முடைய கல்லில் முட்டிவிட்டு, அப்புறம்தான் மடிக்கு வருகிறது.