ஒரு நிமிடப் படம்

என்னங்க,

நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. குழம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டுப் பரிபூரணம் அக்காவிடம் கொடுங்கள்.

நீங்கள் வேண்டாம் என்றாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் சினிமா வகுப்புக்குப் போகிறேன். இன்று கடைசி நாள். வீட்டில் ஒரு நிமிடப் படம் எடுத்துவரச் சொன்னார்கள். நாம் சாப்பிடுவதை எடுத்தேன். நேற்று வகுப்பில் அதைப் போட்டபோது கூடப் படிக்கும் மாஜிதா, "ஏட்டி, சவுண்டு வரலையா?" என்று கேட்டாள்.

சவுண்டு வந்தது. தட்டுச் சத்தம், ஃபேன் சத்தம் எல்லாம் கேட்டது. நாம்தான் பேசவில்லை.

பியூலா

மறந்துவிட்டேன். சாயங்காலம் வீட்டு ஆட்களையும் கூப்பிட்டுப் படங்களைக் காட்டுகிறார்கள். உங்களுக்கு ஷிப்ட் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இன்று லீவு என்று எனக்குத் தெரியும்.