கடலை உரித்து வாங்கிய சான்றிதழ்

நண்பா,

இன்று காலை பழுதான மிக்சியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். கண் மங்கிய பிறகு என் வீட்டு மிக்சியையே வெளியில்தான் கொடுக்கிறேன், சிரிக்காதே. மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றிக் காயில் கட்டும் கடையிலிருந்து சூடான வார்னிஷ் வாசனை வந்தது. வந்த வேலையை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன். சோறு சாப்பிடும்போதுகூட உன் கை அப்படித்தான் மணக்கும் என்று உன் மனைவி திட்டுவாரே.

எண்பதுகளின் தொடக்கம் அது. போளூர் சாலையில் நம் கடைகள் எதிரெதிரே இருந்தன. கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் நமக்குள் ஓயாத போட்டி. அரசாங்கத் திட்டம் ஒன்றில், கிராமத்து ஆட்களுக்குக் கடையிலேயே தொழில் பழக்கி, தேறினார்களா என்று மதிப்பிடவும் ஆள் வேண்டும் என்று நம் இருவரையும் பிடித்துப் போட்டார்கள். அதற்கு முன் நமக்கே ஒரு பயிற்சி. கோடை விடுமுறையில் சும்மா கிடந்த பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். வேலூரிலிருந்து வந்த பயிற்சி அதிகாரி முதல் நாளே கேட்டார்: "வேலை உங்களுக்குத் தெரியும். அடுத்தவங்க செய்யறப்ப சும்மா நிக்கத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. ஆளுக்கு ஒரு புதியவரைக் கொடுத்து, கை வைக்காமல் பழக்கச் சொன்னார்கள். பழகுகிறவர் கையில் கம்பி கொஞ்சம் சிக்கினால் போதும், "குடும்மா இங்க" என்று பிடுங்கி நானே முடித்துவிடுவேன். கடைசிப் பரீட்சையில் அப்படிக் கை வைத்தால் எனக்கும் சான்றிதழ் கிடையாது, என்னிடம் பழகியவருக்கும் கிடையாது. என்னிடம் பழகியவர் குப்பம்மா. தண்டராம்பட்டுப் பக்கம் களை எடுத்துக் குடும்பம் நடத்தியவர். தேறினால் வேங்கிக்காலில் ஒரு மோட்டார் கடையில் அவருக்கு வேலை காத்திருந்தது. என் கை அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடுமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

நீதான் வைத்தியம் கண்டுபிடித்தாய். "உன் கை சும்மா இருக்காது மச்சான். அதுக்கு வேற வேலை குடு" என்று அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினாய். "உரிச்சிக்கினே பாரு. வாயில போட்டுக்கினா வாயும் மூடிக்கும்." வகுப்பெல்லாம் கடலைத் தோல். "இன்னாய்யா இது, சந்தையா?" என்று அதிகாரி கத்தினார். "பயிற்சி உபகரணம் சார்" என்றாய் நீ, முகத்தில் சிரிப்பே இல்லாமல். அவரும் ஒரு கை அள்ளிக்கொண்டார்.

பரீட்சை அன்று காலையில் உன் முறை. ஊருக்கு மருந்து சொன்ன நீ உன் வாய்க்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. உன்னிடம் பழகியவர் ஒரு நிமிடம் தயங்கியதும், "அந்தப் பச்சை ஒயரப் புடிய்யா!" என்று கூவிவிட்டாய். உங்கள் இருவரையும் அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மத்தியானம் நான். குப்பம்மா ஒரு காயிலின் முனைகளை மாற்றி இணைப்பதைப் பார்த்துவிட்டேன். கடலையை உரித்துக்கொண்டே இருந்தேன். சுவிட்சைப் போட்டார். மோட்டார் சுற்றாமல் உறுமியது. சட்டென்று அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாண்ணா பண்றது?"

"நீங்க இன்னா நெனைக்கிறீங்க?"

பிளக்கைப் பிடுங்கினார். பிறகு ஒவ்வோர் இணைப்பாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "அய்ய, இத மாத்திக் குடுத்துட்டேன்!" என்று அவரே தலையில் அடித்துக்கொண்டார். சரி செய்து மறுபடி போட்டதும் மோட்டார் வழுக்கிக்கொண்டு ஓடியது. தப்பை அவரே கண்டுபிடித்ததுதான் தேர்ச்சி என்று எழுதிக் கொடுத்தார் அதிகாரி.

குப்பம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் திரும்பி ஜன்னலைப் பார்த்தேன். காலையில் தோற்ற நீ வீட்டுக்குப் போகாமல் வெயிலில் அங்கேயே நின்றிருந்தாய். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய்.

உன் இடத்தில் நான் இருந்திருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்போதே பஸ் ஏறியிருப்பேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என் முன்னால் தப்பு செய்து, தாங்களே திருத்தி, மோட்டாரை ஓடவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது உன் சிரிப்பைத்தான் நண்பா. எனக்கென்று வேறு சிரிப்பு நான் வைத்துக்கொள்ளவில்லை.