இடது பக்கம் மந்தம்

இன்று காலை சாரல் இறங்கிவிட்டது. குற்றாலத்து மலை இருந்த இடம் தெரியவில்லை. தென்காசியில் என் வீட்டு முன்னறையில் நிற்கும் உன் ஸ்பீக்கர்களில் இடது பக்கத்தது ‘டிக்’ என்றது. சற்றுப் பொறுத்து இன்னொரு ‘டிக்’. பாட்டு எதுவும் போடவில்லை. பிளக்கை மட்டும் மாட்டியிருந்தேன். ஈரக் காற்று உள்ளே போனால் அதில் ஏற்றி வைத்த மின்சாரம் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் என்று நீ சொல்லியிருக்கிறாய். ஜன்னலைச் சாத்தினேன். பிளக்கைப் பிடுங்கினேன். பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். உன் வீட்டு மதினி இனி என்னோடு பேசுவாரா என்று தெரியவில்லை. அதற்கான காரணத்தை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தொலைபேசி இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதம், கொல்லத்தில் யாரோ வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பழைய எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினாய். பாவூர்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போன டெம்போ ஒன்று திரும்பி வெறுமனே வந்தது. அதில் ஏற்றிவிட்டாய். மேலகரத்தில் உன் வீட்டு வாசலில் இறக்கும்போது இரண்டிலும் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. ஆள் உயரம், இரண்டு விரல் தடிமன், முன்னும் பின்னும் ஓட்டை ஓட்டையாகத் தகடு. டிரைவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, கதவு வாங்கியிருக்கியளா? தாப்பாளக் காணுமே!”

“இது பேசுற கதவுய்யா.”

“ஏன், பேசுறதுக்கு வீட்ல ஆளு இல்லியாக்கும்?”

உள்ளே மதினி சிரித்தது வாசல் வரை கேட்டது.

எனக்கு அதைப் புரியவைக்க நீ ஒரு பாலித்தீன் பையைக் கிழித்து விரல்களுக்கிடையே இழுத்துப் பிடித்தாய். இதைவிடப் பல மடங்கு மெல்லிய படலம் ஒன்று உள்ளே விறைப்பாக நிற்கிறது என்றாய். அதற்கு முன்னால் ஒரு தகடு, பின்னால் ஒரு தகடு. படலத்தில் சில ஆயிரம் வோல்ட் எப்போதும் ஏறியிருக்கும். பாட்டு தகடுகளுக்குப் போகும். ஒரு தகடு இழுக்கும், மற்றது தள்ளும்; நடுவில் படலம் முழுவதுமாக அசையும். காந்தம் கிடையாது, கூம்பு கிடையாது, பெட்டி கிடையாது. கனமான அதிர்வு மட்டும் அதற்கு வராது. படத்தில் வெடிக்கும் சத்தங்களுக்காக மூலையில் தனியாக ஒரு பெட்டி வைத்தாய்.

முன்னால் போகும் சத்தம் அதே அளவு பின்னாலும் போகும் என்பதால் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. மூன்று அடி தள்ளி வைத்தாய். போதவில்லை. ஐந்து அடி ஆனது. சோபா பின்கட்டுக்குப் போனது. சாக்பீஸால் தரையில் கோடு போட்டாய். நன்றாகக் கேட்கும் இடம் ஒரே ஒரு நாற்காலி அகலம்தான். அதனால் நாம் இருவரும் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து படம் பார்த்தோம். மதினி காபியோடு வந்து நின்று, “டிக்கெட் எடுத்தாச்சா? வண்டி எப்போ கிளம்பும்?” என்பார். நடிகர் தும்மியது உதடு இருக்கும் இடத்திலிருந்தே வருகிறது என்று நீ திரையைத் தொட்டுக் காட்டுவாய். எனக்கு அந்த நுணுக்கம் அவ்வளவாகப் பிடிபடவில்லை. “நிருபர்னு மேடைப் பேச்சு கேட்டுக் கேட்டு உன் காது தகரமாப் போச்சுலே,” என்பாய்.

அது பங்குனி. ஆனியில் சாரல் தொடங்கியதும் நீ தினமும் காலையில் ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தாய். அந்த வாரத்தில் ஒரு நாள் படத்தைப் பாதியில் நிறுத்தினாய்.

“ஏலே, இடது பக்கம் மந்தமா இருக்கு. அடியில ஒரு இரைச்சல். உனக்குக் கேக்குதா?”

எனக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் ஒன்று போலத்தான் இருந்தன. ஆனால் தகரக் காது என்று இன்னொரு முறை பெயர் வாங்க மனமில்லை.

“ஆமாலே, லேசாக் கேக்குது,” என்றேன்.

கூட்டத்தில் கல் விழுந்தது என்று பத்துப் பேர் சொன்னாலும், அந்தக் கல்லைக் கண்ணால் பார்த்த ஒருவரைத் தேடிப் போய்ப் பேசிவிட்டுத்தான் நான் செய்தி எழுதுவேன். அந்தப் பழக்கம் உன் வீட்டுக்குள் என்னோடு வரவில்லை.

சாரல் ஈரம்தான் காரணம் என்று நீ முடிவு கட்டினாய். இந்த ஊரில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். சாரல் மாதங்களில் இங்கே உப்பு கசியும், தீப்பெட்டி நமத்துப்போகும், அலமாரியில் துணி வாடை அடிக்கும். மேற்கு ஜன்னலை ஆணி அடித்து மூடினாய். படலத்துக்குப் பின்னால் பழைய குண்டு பல்பை எரியவிட்டுக் காயவைத்தாய். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இடது ஸ்பீக்கரை வலது பக்கமும் வலதை இடது பக்கமும் மாற்றி வைத்தோம். மந்தம் இடது பக்கமே இருந்தது. வயர்களை மாற்றினாய். அப்போதும் இடதுதான்.

“அந்தச் சுவருதாம்லே. ஓதம் ஏறிக் கெடக்கு,” என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒன்று தோன்றியது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் போதும். குறை சுவரில் இருந்தால் அது சுவரோடு நிற்கும். உன்னில் இருந்தால் உன்னோடு சேர்ந்து திரும்பும். அதைச் சொன்னால் எனக்கு எதுவும் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லவில்லை.

மதினி சொன்னார். “இவுக காதுல அருவித் தண்ணி போயிருக்கு அண்ணாச்சி. இந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்காக. டாக்டர்ட்ட காட்டுங்கன்னா கேக்கணும்லா.”

“ஏட்டி, என் காது அடைச்சிருந்தா இவனுக்கு எப்பிடிக் கேக்கும்? இவன்ட்டயே கேளு.”

மதினி என் பக்கம் திரும்பினார். “உங்களுக்கும் கேக்குதா அண்ணாச்சி?”

“கேக்குது மதினி.”

ஆவணியில் சாரல் விட்டது. புரட்டாசி வெயிலில் சுவர் காய்ந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. மந்தம் போகவில்லை. அடுத்து டிரான்ஸ்பார்மரில் பழுது என்றாய். கோயம்புத்தூரில் யாரிடமோ போனில் விசாரித்தாய். ஐப்பசியில் ஒரு நாள் எண்ணெய்க் குளியலுக்கு என்று குற்றாலம் போனோம். உன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவரின் கை இடது காதுக்குக் கீழே நின்றது.

“அண்ணாச்சி, இங்கன ஒரு கட்டி தட்டுப்படுதே. வலிக்குதா?”

“இல்லியே.”

“வலிக்காட்டாத்தான் காட்டணும். நாளைக்கே போங்க.”

அவருக்கு உன் பெயர்கூடத் தெரியாது. கையில் பட்டதைச் சொன்னார்.

திருநெல்வேலியில் டாக்டர் கட்டியையும் இடது காதையும் பார்த்துவிட்டு உன் மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்த்தார். பெரியவர்களுக்கு ஒரு காது மட்டும் காரணமில்லாமல் அடைத்தால் மூக்குக்குப் பின்பக்கம் பார்த்தாக வேண்டும் என்றார். எவ்வளவு நாளாக அடைப்பு என்று கேட்டார்.

“காதுக்கு ஒண்ணுமில்ல டாக்டர். வீட்ல ஸ்பீக்கர்தான்...” என்று ஆரம்பித்து நிறுத்தினாய். என்னைப் பார்த்தாய். “உனக்கும் கேட்டுச்சுல்லா?”

“இல்லலே. கேக்கல.”

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நீ ஆனி மாதத்திலிருந்து என்று கணக்குச் சொன்னாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஜன்னலோரம் இருந்தாய். ஆலங்குளம் தாண்டியபின் வெளியே பார்த்தபடியே, “சொல்லியிருக்கலாம்லா,” என்றாய். நான் ஏதேதோ காரணம் சொன்னேன். தகரக் காது என்று நீ கேலி செய்தது, உன் மனசு நோகக் கூடாது என்று நினைத்தது, இன்னும் என்னென்னவோ. பாவூர்சத்திரம் வந்தபிறகுதான் உறைத்தது, நான் உன் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்று. அதில் எவ்வளவு உன் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. மறுபடியும் சொல்லிப் பார்க்கத் துணியவில்லை.

பின்னொரு நாள் அந்த டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன்: நான்கு மாதம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? “அதை யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது சார். முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்,” என்றார். நான் குறிப்பு எடுக்கவில்லை.

மூக்குக்குப் பின்னால் இருந்த புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்து முடிந்தபின் உன் வாய் வறண்டு போயிற்று. இடது காது அநேகமாகப் போய்விட்டது. அப்போதும் என்னை வரச் சொன்னாய். இந்த முறை முன் நாற்காலியில் என்னை உட்காரவைத்து, நீ பின்னால் உட்கார்ந்தாய். “இடது பக்கம் என்ன கேக்குதுன்னு சொல்லு. கேட்டதை மட்டும் சொல்லு,” என்றாய். சைக்கிள் மணி என்றேன். யாரோ வாளியைக் கீழே வைக்கிறார்கள் என்றேன். தெரியாதபோது தெரியவில்லை என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். என் மேல் உனக்குக் கோபம் இருந்ததா என்று அந்த மாதங்களில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மாசியில் நீ போனாய். சாப்பாட்டுக் குழாயோடு, முப்பத்தெட்டுக் கிலோவாக.

பதினாறாம் நாள் காரியம் கழிந்ததும் மதினி ஸ்பீக்கர்களை எனக்கு அனுப்பிவிட்டார். ரேஷன் கார்டு, பென்ஷன் மாற்றம், கேஸ் இணைப்பு என்று எதற்கும் என்னைத்தான் கூப்பிட்டார். நானும் போனேன், அவருக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் கூப்பிடுகிறார் என்று எண்ணிக்கொண்டு போனேன்.

போன வாரம் ஒரு கையெழுத்துக்காகப் போயிருந்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சாதாரணமாகக் கேட்டார்:

“அண்ணாச்சி, அந்த ஸ்பீக்கர் எப்பிடி இருக்கு? இடது பக்கம் இப்பவும் மந்தமாத்தான் கேக்குதா?”

அப்போதுதான் தெரிந்தது, நீ அவரிடம் சொல்லவேயில்லை. டாக்டர் அறையில் நடந்ததையும், பஸ்ஸில் பேசியதையும். ஸ்பீக்கரில் ஒரு கோளாறு, அது தனி. உனக்கு வந்த நோய், அது தனி என்றே இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் அப்படியே இருந்திருக்கும். அதற்காகத்தான் நீயும் சொல்லாமல் விட்டாய் போலும். நீ இல்லாத வீட்டுக்குக் கூப்பிட்டால் வர ஓர் ஆள் வேண்டும் என்று.

“மந்தம் இல்ல மதினி. அப்பவும் இல்ல. எனக்கு எதுவும் கேக்கல. கேக்குதுன்னு பொய் சொன்னேன்.”

கை நின்றது. கீரைக் காம்பு மடியில் விழுந்தது.

“அன்னைக்கு நான் உங்களத்தானே கேட்டேன் அண்ணாச்சி,” என்றார்.

அதற்குப் பிறகு கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இதுவரை போன் இல்லை.

நாளைக் காலை மேலகரம் போகிறேன். உள்ளே விடுவாரா என்று தெரியாது. விட்டால், கேட்டதற்குப் பதில் சொல்வேன். காரணம் எதுவும் சொல்ல மாட்டேன்.