எட்டாம் பக்கத்து ஈரத்துணி

அன்பு மகள் பெரியவளுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. அங்கே நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவும் சின்னவளும் சுகம், வலது கை நீங்கலாக நானும் சுகம்.

சலவைக்கூட வேலையைப் பற்றி நீ எழுதிய ஆராய்ச்சி எங்கள் மேலாளர் கைக்கு வந்துவிட்டது. உருளை இஸ்திரியில் படுக்கைவிரிப்பு சிக்கினால், கொதிக்கிற இரும்பு மூடியை ஈரத்துணியால் பிடித்துத் தூக்க வேண்டும் என்று எட்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாயாமே, பெரிய கண்டுபிடிப்பு! இருபத்திரண்டு வருடமாகக் காய்ந்த துணியை நாலாக மடித்துத்தான் பிடிக்கிறோம். மேலாளர் அதையெல்லாம் பிடுங்கிக்கொண்டு ஒரு வாளித் தண்ணீரை வைத்து, "படிச்சவங்க சொன்னா சும்மாவா, அதுவும் உன் பொண்ணு" என்றார். உன் மானத்துக்காக முதலில் பிடித்தவள் நான். துணியிலிருந்த ஈரம் நொடியில் ஆவியாகி நாலு விரலும் வெந்துபோயின. மடிப்பு மேசைக் குண்டக்கா ஓடிவந்து, "ஏண்டி, உன் பொண்ணு வீட்ல ஒரு சட்டிகூட இறக்கினதில்லையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அடுப்பங்கரைப் பக்கம் வந்தால் "போய்ப் படி" என்று உன்னை விரட்டியவள் நான்தானே.

போன தடவை வந்தபோது, சலவைக்கூடத்துக்குள்ளே வந்து ஒரு நாள் நில் என்றேன். நீ வாசலில் நின்றபடியே மூன்று பேரைக் கேள்வி கேட்டுவிட்டு, "ரொம்பப் புழுங்குதும்மா" என்று கிளம்பிவிட்டாய். அந்தப் புழுக்கத்தைப் பற்றி நாற்பது பக்கம்! நெருப்பென்று எழுதினால் தாள் வேகாது மகளே, வேகிறது எங்கள் கை. நேற்று போனில் தங்கையிடம், "நல்ல புத்தகத்துல இருந்துதான்டி எடுத்தேன்" என்றாயாம். அந்தப் புத்தகம் எழுதின மகராசன் எந்த வாசலில் நின்றானோ.

அந்தப் பக்கம் இப்போது சுவரில் ஒட்டியிருக்கிறது. எழுதினவளே தப்பு என்று எழுதிக்கொடுத்தால்தான் கிழிப்பேன் என்கிறார் மேலாளர். ஒன்றாம் தேதியிலிருந்து இஸ்திரியில் என் இடத்தில் குண்டக்கா நிற்கப்போகிறாள், நினைவிருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. நோய் நொடியில்லாமல் நன்றாக இரு. என்மேல் நம்பிக்கை வரவில்லையென்றால் வெறும் சட்டியை அடுப்பில் வைத்து, காய்ந்ததும் அதன் காதை ஈரத்துணியால் தொட்டுப் பார். உடனே விட்டுவிடு, வீறாப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்காதே. இடது கையால் தொடு. மேலாளருக்கு எழுத வலது கை வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா