வெள்ளை பூசாத சக்கரம்

பிட்ஸ்பர்க்,
அக்டோபர் 3

அன்புள்ள வெஸ்லிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. தங்கையை அடக்கம் செய்த செய்தியை அலாஸ்கா கடலில், மீன் வெட்டும் மேடையில் நின்றபடி கேட்டவனிடம் என்ன நலம் விசாரிப்பது? உன் கப்பல் பதினான்காம் தேதி கரைக்கு வரும் என்று உன் அம்மா சொன்னாள். அன்று இந்தக் கடிதம் துறைமுகத்தில் உனக்காகக் காத்திருக்க வேண்டும்.

அம்மா சாப்பிடுகிறாள். அதாவது, நான் போய் எதிரே உட்கார்ந்தால் சாப்பிடுகிறாள். டெலாவின் வேலைச் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, நாற்காலி முதுகில் மாட்டியிருக்கிறாள். ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து அதைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்களாம். ஏழு வருடம் அங்கே பாத்திரம் கழுவியவளுக்கு ஒரு பூங்கொத்து அனுப்பத் தெரியவில்லை. சட்டையைக் கேட்கத் தெரிகிறது.

கரைக்குத் திரும்பிய வேறொரு படகில் நீ கொடுத்தனுப்பிய கடிதம் வந்தது. "அந்த வேன்காரனை விடாதடா ஆன்டன். கோர்ட்ல நீ நில்லு, நானே நிக்கற மாதிரி" என்று எழுதியிருந்தாய். பத்தொன்பதாம் தேதி விசாரணை. நிற்கத்தான் போகிறேன். ஆனால் நீ நினைக்கிற பக்கம் இல்லை.

வசந்தத்தில் நம் மேட்டுத்தெருவின் முதல் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அதில் போகிறவர்கள் எல்லாம் சமையல்காரர்கள், துப்புரவுக்காரர்கள். யார் கேட்கப்போகிறார்கள்? டெலா விடியுமுன் ஒரு மணி நேரம் நடந்தாள். நான்தான் சைக்கிள் செய்து தருகிறேன் என்றேன். குப்பையில் கிடந்த எஃகு ஃப்ரேம், என்னைப் போல சைக்கிளில் பார்சல் கொண்டுபோகிற மற்ற கூரியர்கள் கழித்துப்போட்ட ஹேண்டில்பார், யாரோ தூக்கிப்போட்ட பின்சக்கரம். கியர்களைக் கழற்றி எறிந்துவிட்டு, நாங்கள் ஓட்டுகிற மாதிரியே ஒற்றைப் பல்சக்கர வண்டி. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். நிற்க வேண்டுமானால் காலால் பின்னுக்கு அழுத்த வேண்டும்.

அப்படி அழுத்தும்போது பல்சக்கரம் கழன்றுவிடாமல் இருக்க, சரியான ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடு உருளையில், எதிர்மரை போட்ட இன்னொரு வளையம் இறுக்கிப் பிடிக்கும். பழைய ஹப்பில் அந்த மரை கிடையாது. நாங்கள் பசை தடவி, வேறு எதற்கோ செய்த வளையத்தை வைத்து முறுக்கிவிடுவோம். பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறோம். என் வண்டியும் அப்படித்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது மட்டும் இல்லை. "முன்னாடி ஒரு பிரேக்காவது போட்டுக் குடேன்டா, இறக்கத்துல பயமா இருக்கு" என்று டெலா கேட்டாள். நான் சிரித்தேன். "பிரேக் போட்டா இதுக்கு இருக்கிற மானமே போயிடும். பயம்னா மூணு சக்கர வண்டி வாங்கிக்க" என்றேன். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். "போடா, பெரிய வீரன்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள். அந்த ஃப்ரேமிலேயே வந்த பிரேக் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. நல்ல பிரேக். பூட்டப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

கோடை முழுக்க ஓட்டினாள். ஆகஸ்ட் இருபத்தெட்டு காலை, இறக்கத்தின் அடியில் வேன் இடித்தது. பச்சை விளக்கில்தான் வந்தேன் என்றார் ஓட்டுநர். யாரும் நம்பவில்லை. நான் போலீஸிடம் எழுதிக் கொடுத்தேன்: வண்டி என் கையால் செய்தது, ஒரு குறையும் கிடையாது, டெலா சிவப்பு விளக்கைத் தாண்டுகிறவள் இல்லை, தாண்டியது அவன்தான். அதற்கடுத்த வாரம் இருநூறு பேர் சைக்கிளில் ஊர்வலம் போனோம். அந்த வேனை ஓடவிட்ட பார்சல் கம்பெனி வாசலில் ஒலிபெருக்கியைப் பிடித்து நான்தான் அதிகம் கத்தினேன். அவர்களோ அதற்கு முன்பே ஓட்டுநரைக் கைகழுவியிருந்தார்கள். அவர் தங்கள் ஆளே இல்லையாம், ஒப்பந்தக்காரராம்.

செத்தவர்களுக்காக நாங்கள் ஒரு சைக்கிளை வெள்ளையடித்து அவர்கள் விழுந்த முனையில் சங்கிலி போட்டு நிறுத்துவோம், உனக்குத் தெரியும். போலீஸ் படம் எடுத்துக்கொண்டு டெலாவின் வண்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டது. செய்தவனே பூசட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஃப்ரேமைப் பூசி முடித்துப் பின்சக்கரத்தைக் கையில் எடுத்தேன். அது நெளியக்கூட இல்லை. பல்சக்கரம் விரலால் தொட்டதும் சுழன்றது. வளையம் கழன்று, பசை பொடிப்பொடியாக மரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இடித்ததால் அப்படி ஆகாது, வெஸ்லி. பின்னுக்கு அழுத்தினால் மட்டும்தான் ஆகும். அவள் நிறுத்தப் பார்த்திருக்கிறாள். முழுப் பலத்தோடு அழுத்தியிருக்கிறாள். பெடல் வெறுமனே பின்னால் சுற்றியிருக்கிறது.

இரண்டு கை வெள்ளை பூசினால் அதுவும் மறைந்திருக்கும். தூரிகையை அதன்மேல் கொண்டும் போனேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பிறகு சக்கரத்தைப் பையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டேன். பதினொரு நாளாக அதன்மேல் தூங்குகிறேன்.

ஓட்டுநரின் பெயர் பிஷ்ணு குருங். பூட்டானிலிருந்து விரட்டப்பட்டு, நேபாள அகதி முகாமில் வளர்ந்து இங்கே வந்தவர். நேற்று அவர் குடியிருக்கும் தெருவரை போனேன், கதவைத் தட்டவில்லை. நம்மைப் போன்ற இன்னொருவன்தான். பஸ்ஸை நிறுத்தியவன் கோர்ட்டுக்கு வரப்போவதில்லை. அதனால் கையில் கிடைத்தவரைப் பிடித்துக்கொண்டோம். கையில் கிடைத்திருக்க வேண்டியவன் நான்.

திங்கட்கிழமை சக்கரத்தை எடுத்துக்கொண்டு அவருடைய வக்கீலிடம் போகிறேன். எனக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. நீ என்னை என்ன செய்தாலும் சரி.

அம்மா இதை முதன்முதலில் கோர்ட்டில் கேட்கக்கூடாது. பதினான்காம் தேதி மாலை நானே அவள் சமையலறையில் உட்கார்ந்து சொல்லப்போகிறேன். கரை இறங்கியதும் அவளுக்குப் போன் செய், வெஸ்லி. என்னிடம் பேச வேண்டாம். அவள் என்னை வெளியே போ என்று சொல்லும்போது, அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு குரலாவது இருக்கட்டும்.

கடல் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

ஆன்டன்