மாமாவின் கணக்கும் என் ஆறு பக்கங்களும்

செவ்வாய், இரவு

இன்று நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மழையில் நனைந்த என் பழைய நாட்குறிப்பை அம்மாவின் போனில் படமெடுத்து வைத்திருந்தேன். அதில் மாமாவைப் பற்றியே ஆறு பக்கம். இன்று போனில் இடம் தீர்ந்துவிட்டதால் அம்மாவும் நானும் கடைக்குப் போனோம்.

போன் கடை மலையாளிச் சேட்டன், "எல்லாத்தையும் கிளவுடில் ஏத்திடலாம் மோளே" என்றார்.

"சேட்டன் சொன்னா சரிதான்" என்றாள் அம்மா.

ஏற்றப்போகும் கணக்கின் பெயரைத் திரையில் படித்தேன். மாமாவின் மெயில் முகவரி! எங்கள் வீட்டு நான்கு போன்களிலும் அவர் தன் கணக்கையே போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"ஏத்தாதீங்க சேட்டா! மாமா போன்லயும் வந்துடும்."

நான் சொன்னது சரிதான் என்று சேட்டன் சிரித்தார். "மோள் பறஞ்சது சரியாணல்லோ!"

படங்களை மெமரி கார்டுக்கு மாற்றி, போனிலிருந்து அழித்துக் கொடுத்தார்.

"அப்படி என்னடி எழுதியிருக்கே?" என்று அம்மா வழியெல்லாம் கேட்டாள். நான் சொல்லவே இல்லை! கார்டு என் தலையணைக்கடியில் இருக்கிறது.

அப்பா விளக்கை அணைக்க வருகிறார்.